எழுபது வளைவுகளுக்குக் கீழே இருந்த படிப்பு

நான் பள்ளியில் படித்த காலத்தில் நாமக்கல் மாவட்டத்தை வெளியூர்க்காரர்கள் மூன்று விஷயங்களுக்காக அறிந்திருந்தார்கள்: முட்டை, லாரி, பிளஸ் டூ மதிப்பெண். மே மாதம் தேர்வு முடிவு வந்தால் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இருக்கும். தென்கோடி மாவட்டங்களிலிருந்துகூடப் பெற்றோர்கள் டிரங்குப் பெட்டியும் பக்கெட்டுமாக வந்து பிள்ளைகளை விடுதிகளில் விட்டுப் போனார்கள். அந்த விடுதிகள் சிலவற்றின் மொட்டைமாடியில் ஏறி நின்றால் தூரத்தில் நீலமாக ஒரு மலை தெரியும். அதே மாவட்டத்தைச் சேர்ந்த அந்த மலையில், ஒரு பெண் பிளஸ் டூ வரை போனாலே ஊரே அதைப் பேசும். நான் அந்த மலைக்காரி. கொல்லிமலை.

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு வரும். அடுத்து செம்மேடு. அங்கிருந்து வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு என்று பதினான்கு நாடுகள் விரிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பத்து வீடு இங்கே, ஐந்து வீடு அங்கே என்று சிதறிய ஊர்கள். பள்ளிக்கூடம் இருந்த இடத்துக்கும் வீடு இருந்த இடத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஓடை இருக்கும். ஐப்பசி மழையில் அந்த ஓடை எங்களுக்கு விடுமுறை விட்டுவிடும்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, 2007-08-ல், செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பெஞ்சு இல்லை. பாய் விரித்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். சுவரில் எங்கள் இடுப்பு உயரத்துக்குக் கரும்பலகை அடித்திருந்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் அதில் ஒரு கட்டம். ஏணிப்படி மாதிரி வரைந்த ஒரு படம் தொங்கும். அதில் நீ எந்தப் படியில் நிற்கிறாயோ அந்த அட்டையை நீயே போய் எடுத்துவந்து படிக்க வேண்டும். இதைப் பற்றிக் கீழ்நாட்டில் எத்தனையோ விமர்சனங்கள் எழுந்தன. அட்டை விளையாட்டு, பிள்ளைகள் எழுதப் பழகவில்லை, ஆசிரியர் பாடமே நடத்துவதில்லை என்றார்கள். அவற்றில் நியாயமும் இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் மலைக்கு அது பொருந்திய விதத்தை நான் சொல்லியே ஆக வேண்டும். கேழ்வரகு அறுப்பு வந்தால் நாங்கள் பள்ளிக்குப் போக மாட்டோம். மிளகு பறிப்பு வந்தாலும் அப்படித்தான். முன்பெல்லாம் திரும்பி வரும் பிள்ளை, தனக்காக நிற்காமல் ஓடிவிட்ட பாடத்துக்கு முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அட்டை வந்த பிறகு விட்ட இடத்தில் அதே அட்டை காத்திருந்தது. எட்டாவது அட்டையில் நின்றால் எட்டாவதிலேயே தொடரலாம். வகுப்பில் பிந்திவிட்டேன் என்ற எண்ணம் அந்த வயதில் என்னைத் தொட்டதே இல்லை. என் படிப்பு முழுவதிலும் எனக்குக் கிடைத்த பெரிய கொடை அது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். அரசுப் பள்ளியில் படித்து நன்றாக வரும் ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளை அரசு செலவில் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கும் திட்டம் ஒன்று இருந்தது. அப்படித்தான் எழுபது வளைவுகளையும் இறங்கி, வேலிக்குள் இருந்த ஒரு பள்ளிக்குப் போனேன்.

அங்கே கவனம் என்பது கட்டடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. விடிவதற்கு முன் மணி. குளியல், ஸ்டடி ஹவர், சிற்றுண்டி, வகுப்பு, சாப்பாடு, வகுப்பு, டெஸ்ட், மறுபடி ஸ்டடி ஹவர், இரவு சாப்பாடு, கடைசி ஸ்டடி ஹவர். செல்போன் இல்லை, டிவி இல்லை, செய்தித்தாள்கூட இல்லை. பெற்றோரைப் பார்க்க மாதத்தில் ஒரு ஞாயிறு. சன்னலுக்கு வெளியே பார்த்தால் கண்காணிப்பாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதினோராம் வகுப்புப் புத்தகங்கள் அட்டை போட்டு அலமாரியில் இருந்தன. நாங்கள் முதல் ஆண்டிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை எடுத்துவிட்டோம். அந்தப் பகுதியில் பல பள்ளிகளில் அதுதான் நடைமுறை. பொதுத்தேர்வு பன்னிரண்டாம் வகுப்புக்குத்தானே இருந்தது. புக் பேக் கேள்வி, ஒன் வேர்டு, ப்ளூ பிரிண்ட்படி எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்ற கணக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். 1200-க்கு எத்தனை என்பதுதான் எங்கள் ஒவ்வொருவருக்கும் முகவரி.

அந்தப் பள்ளியை நான் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது உண்மையாகாது. தினமும் டெஸ்ட் எழுதியதில் பலன் இருந்தது. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் நடத்திய ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பத்தியை அவர்களை இரண்டு முறை படிக்க வைத்தார்கள். இன்னொரு பத்தியை ஒரு முறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்ததில் 81 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்கப்பட்ட மாணவர்களிடம் கணக்கு மாறியது: படித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. இந்த ஆய்வைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். எங்கள் வேதியியல் ஆசிரியர் இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் தினமும் மாலையில் வெள்ளைத் தாளைக் கொடுத்து உட்கார வைத்ததால் அவர் நடத்திய சமன்பாடுகள் இன்றும் எனக்கு மறக்கவில்லை. மூடி வைத்து எழுதிப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை நான் விடவே இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. தாவரவியலில் யூஃபோர்பியேசி என்று ஒரு குடும்பம். பால் வடியும் செடிகள். அதன் பொருளாதார முக்கியத்துவம் என்ற தலைப்பின் கீழ் மேனிகாட் எஸ்குலென்டா வரும்: மரவள்ளி, கிழங்கிலிருந்து மாவு எடுக்கப்படுகிறது. பெயர், பயன்படும் பகுதி, பயன் என்று பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். எழுதினேன், வாங்கினேன். அதே வருடங்களில் எங்கள் மலையில் சாமையும் தினையும் விளைந்த சரிவுகள் ஒவ்வொன்றாக மரவள்ளிக்கு மாறிக்கொண்டிருந்தன. சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ ஆலைகளுக்கு லாரிகள் கிழங்கு ஏற்றி வளைவுகளில் இறங்கின. விடுமுறையில் போய் மரவள்ளிக் குச்சி ஒடித்து நட்டால் கை பிசுபிசுக்கும். யூஃபோர்பியேசியின் பால் என் பாடத்திலும் இருந்தது, என் விரலிலும் ஒட்டியிருந்தது. இரண்டையும் சேர்க்கும் கேள்வி எந்த வினாத்தாளிலும் வரவில்லை. ஏன் எங்கள் மலை இந்தச் செடிக்கு மாறுகிறது, மாறினால் சரிவின் மண் என்ன ஆகும், சாமை எங்கே போகும் என்று ஒரே ஒரு ஆசிரியர் ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் அந்த வகுப்பில் நான் தூங்கி வழிந்திருக்க மாட்டேன். எங்களைச் சுற்றிக் கவனத்தைச் சிதறடிக்கும் எல்லாவற்றையும் வேலிக்கு வெளியே வைத்தார்கள். கவனம் பற்றிக்கொள்ள வேண்டிய பொருளும் அவற்றோடு சேர்ந்து வெளியே போய்விட்டது.

எங்கள் மலையில் கவனத்துக்கு உதாரணம் சொல்ல அர்ச்சுனனைத் தேடிப் போக வேண்டியதில்லை, ஓரி இருக்கிறான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியதாக வன்பரணர் பாடிய வல்வில் ஓரி. ஆடி மாதம் செம்மேட்டில் அவனுக்கு அரசு விழா நடக்கும். பள்ளியில் அவனைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைப்பார்கள். குறி தவறாமல் படியுங்கள் என்று பரிசு கொடுப்பவர் சொல்வார். காட்டில் உடும்பு எந்தப் பொந்தில் இருக்கும் என்று தெரிந்த பிள்ளைகள் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஓரிக்கு அந்தக் காடு தெரிந்திருந்தது என்பதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நூறு வருடத்துக்கு முன்னால் இதே மலையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் வளர்ந்தான். பால் பிராண்ட். 1914-ல் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவ்லின் இருவரும் கிறித்துவ ஊழியர்கள். வாழவந்தியில் வீடு கட்டி, மருந்து கொடுத்து, பள்ளி நடத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது அம்மாதான். பையனுக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காது. மரத்தில் ஏறிக் கிளையில் உட்கார்ந்து பாடம் எழுதினான், எழுதியதைக் கீழே இருந்த அம்மாவுக்கு இறக்கிவிட்டான் என்று அவர் வாழ்க்கைக் கதையில் வருகிறது. அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. மரத்திலிருந்து இறங்கினால்தான் படிப்பு என்று அவர் சொல்லவில்லை.

அந்தப் பையனுக்கு இன்னொரு ஆசிரியரும் கிடைத்தார். பிற்காலத்தில் பிராண்ட் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் வருகிறார். அவனும் மலைப் பையன்களும் நெல் வயலில் இறங்கித் தவளை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் கலங்கிச் சேறாகிவிட்டது. வரப்பில் ஒரு முதியவர் வருகிறார், எல்லோருக்கும் தாத்தா. அவர் பிள்ளைகளை அடிக்கவில்லை, விரட்டவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி, இது என்ன, யாருடையது என்று கேட்கிறார். பிறகு மடையைக் காட்டி, கலங்கிய தண்ணீர் அடுத்த வயலுக்கு வழிவதைப் பார்க்கச் சொல்கிறார். போகும் மண் கீழேதான் போகும், மலை ஏறித் திரும்பி வராது என்று புரிய வைக்கிறார். ஒரு வயல், ஒரு பிடி மண், சில கேள்விகள், அவ்வளவுதான் அந்தப் பாடம். அந்தப் பையன் ஒன்பது வயதில் இங்கிலாந்துக்குப் போனார், கட்டட வேலை பழகினார், பிறகு மருத்துவம் படித்தார், 1946-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் தசைநார் அறுவைச் சிகிச்சையில் உலகப் பெயர் பெற்றார். தொழுநோயாளிகளின் கை கால்களில் பெரும் சேதம் நேர்வது வலி உணர்வு இல்லாமல் போவதால்தான், சதை தானாக அழுகி விழுவதால் அல்ல என்று கூர்ந்து கவனித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர். 2003-ல் மறைந்தார். உலகம் சுற்றிய அந்த மனிதர், வயதான பிறகு உட்கார்ந்து எழுதும்போது, பெயர் தெரியாத ஒரு கொல்லிமலைத் தாத்தாவின் கேள்விகளை நினைவு வைத்திருந்தார். கல்வி பற்றி நான் படித்தவற்றில் இந்தச் செய்தி அளவுக்கு என்னைத் தொட்டது வேறு எதுவும் இல்லை.

2017 மார்ச்சில் நான் பிளஸ் டூ எழுதினேன். எங்கள் வருடம்தான் தர வரிசைப் பட்டியலைத் தமிழக அரசு நிறுத்தியது. முதலிடம் யார் என்ற அறிவிப்பு இல்லை, சாக்லேட் ஊட்டும் புகைப்படம் இல்லை. அதே வருடம்தான் தமிழ்நாட்டில் மருத்துவ இடங்களுக்கு நீட் நுழைவுத் தேர்வு கட்டாயமானது. நீட் வினாத்தாள் பதினோராம் வகுப்புப் பாடத்தையும் கேட்டது. அலமாரியில் அட்டை போட்டு வைத்திருந்தோமே, அந்தப் புத்தகத்தின் பாடத்தை. 1176 மதிப்பெண் எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதா நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டுச் செப்டம்பர் 1 அன்று இறந்துபோனாள். அவள் எங்கள் செட்டு. அவள் பெயரைக் கேட்கும்போதெல்லாம், நாங்கள் அத்தனை பேரும் ஆடிய ஆட்டத்தின் விதி நடுவில் மாறியதுதான் எனக்கு நினைவுக்கு வரும். அடுத்த ஆண்டிலிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது, 1200 போய் 600 வந்தது.

எனக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. தாவரவியல் சேர்ந்தேன், முதுகலை முடித்தேன், இப்போது ஆய்வு மாணவி. எடுத்துக்கொண்ட பொருள் கொல்லிமலைச் சாமை ரகங்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்தே இங்கே சிறுதானியங்களைத் தேடிச் சேகரித்து, விதை வங்கி அமைத்து, மலைக்காரர்களோடு வேலை செய்திருக்கிறது. கட்டவெட்டிச் சாமை, மல்லியசாமை, திருகுலசாமை, செந்தினை, சுண்டாங்கிக் கேழ்வரகு என்று நான் வீட்டில் கேட்டு வளர்ந்த பெயர்களை, அந்த வேலையிலிருந்து வந்த ஆய்வுக் கட்டுரைகளில் அட்டவணை போட்டுப் பார்த்தபோது என் கண் கலங்கியது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. மலையை விட்டு இறங்கினால்தான் படிப்பு என்று என்னை அனுப்பி வைத்தார்கள். படிப்பு என்னை மலைக்குத் திருப்பி அனுப்பியது. அம்மா களை எடுக்கும் வரிசைக்குப் பக்கத்தில், நோட்டும் அளவுகோலுமாக, இன்றைக்கு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

முளைத்து வரும் சாமைக்கும் அதன் ஊடே முளைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் எளிதில் தெரியாது. இரண்டும் ஒரே பச்சை, ஒரே மெலிந்த இலை. என்னிடம் பூதக்கண்ணாடி இருக்கிறது, வகைப்பாட்டுப் புத்தகம் இருக்கிறது. அம்மாவின் கை இடைவெளி விடாமல் போய்க்கொண்டே இருக்கும். பேசிக்கொண்டே, வரப்பில் போகிறவர்களை விசாரித்துக்கொண்டே. புல் வரும், சாமை நிற்கும். எப்படி என்று கேட்டேன்.

“தூரு நெறம் பாரு, எலை மடிப்பப் பாரு.”

பார்த்தேன். தெரியவில்லை.

“சும்மா பாத்தா தெரியாது கண்ணு. புடுங்கணும்னு நெனச்சுப் பாரு. தப்பாப் புடுங்குனா ஒரு புடி சோறு போச்சுன்னு நெனச்சுப் பாரு. அப்பத் தெரியும்.”

கவனம் பற்றி நான் எந்த வகுப்பிலும் கேட்காத விளக்கம் இது. அதற்கப்புறம் எனக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது.

இங்கே பழைய காலம் பொற்காலம் என்று எழுதிவிட என்னால் முடியாது. அம்மாயியின் தோள் எலும்பு தேய்ந்தது சாமை குத்தித்தான். தானியம் சேமிக்கும் தொம்பையில் இருக்கும் சாமையை உரலில் போட்டு உமி போகக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி ஒரு வேளைச் சோறாக்குவதற்குள் பொழுது போய்விடும். பெண்கள் சாமையைக் கைவிட்டதற்கு முக்கியமான காரணம் அந்த உலக்கை. ரேஷன் அரிசி வந்தபோது அவர்கள் பெருமூச்சு விட்டதை நான் குற்றமாக நினைக்கவில்லை. அதேபோல என்னைக் கீழே அனுப்பிப் படிக்க வைத்ததும் குற்றமில்லை. நான் இறங்காமல் இருந்தால் அந்தக் கட்டுரைகளைப் படித்திருக்கவும் மாட்டேன்.

தம்பியின் படிப்பு வேறு மாதிரி. அவன் நீட்டுக்குப் படிக்கிறான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறது. அவன் நம்பிக்கை அதில்தான். எனக்கு வேலி இருந்தது. அவனுக்குக் கையில் உலகம் இருக்கிறது. சிக்னல் கிடைக்கும் பாறையில் உட்கார்ந்து, எங்கோ வட மாநிலத்தில் இருக்கும் ஆசிரியர் நடத்தும் வகுப்பை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறான். ஊரில் எல்லோரும் போன்தான் அவனைக் கெடுக்கிறது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் ரீல்ஸ் பார்ப்பது கொஞ்சம்தான். ஒருவர் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தனக்கும் வந்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது, அதுதான் சிக்கல். வீடியோ முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். முதலில் கோபப்பட்டான்.

“எல்லாம் தெரியுதுக்கா, எழுதத்தான் வரல.”

எழுத வராதது தெரியாததுதான் என்று நான் விடாமல் உட்கார வைத்தேன். இப்போது அவனே தாளை எடுத்துக்கொண்டு உட்காருகிறான். யூஃபோர்பியேசி படிக்கும்போது அவனைக் கையோடு காட்டுக்குக் கூட்டிப்போய் மரவள்ளிக் காம்பை ஒடிக்கச் சொன்னேன். இந்தப் பால் எதற்குச் செடிக்கு என்று கேட்டான். அது எந்தத் தேர்விலும் வராத கேள்வி. அன்று மாலை முழுக்க நாங்கள் அதைப் பற்றித்தான் பேசினோம்.

செங்கரைப் பக்கம் ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது, மற்ற நாடுகளில் பழங்குடியினர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு விதை வங்கியும் நெல் வயலும் நடக்கும் தூரத்தில் உள்ளன. புதிய பாடநூல்கள் 2018 முதல் வந்துவிட்டன, ப்ளூ பிரிண்ட் போய்விட்டது, யோசித்து எழுத வேண்டிய கேள்விகள் கூடியிருக்கின்றன. அந்தக் கேள்விகளில் ஒன்றிரண்டாவது இந்த மலையைப் பற்றி இருக்க வேண்டும் என்று நான் பார்க்கும் ஆசிரியர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மாதிரி வினாக்களும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிலர் சிரித்துக்கொண்டு வாங்கி வைத்தார்கள். ஒரு ஆசிரியை வகுப்பில் கேட்டுவிட்டு, பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்களை எனக்குக் கொடுத்தனுப்பினார். அதில் ஒரு பெண் தன் வீட்டில் இருக்கும் மூன்று சாமை ரகங்களை விதை நிறத்தோடு எழுதியிருந்தாள். அவற்றில் ஒன்று என் பட்டியலில் இல்லை. அடுத்த விதைப்பில் அவள் வீட்டுக்குப் போகிறேன்.

அம்மாவுக்கு என் ஆய்வில் ஒரே ஒரு சந்தேகம்தான். செடியின் உயரம், தூர்களின் எண்ணிக்கை, கதிரின் நீளம் என்று நான் நோட்டில் குறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: “இதெல்லாம் எழுதி முடிச்சா, சாமை குத்துற மிஷின்ல நொய் ஆகாம வருமா?” உமி நீக்கும் இயந்திரம் எங்கள் பக்கம் வந்திருக்கிறது. ஆனால் விதை அளவு ரகத்துக்கு ரகம் வேறு. ஒரு ரகத்துக்குச் சரியாக வைத்தால் இன்னொன்று உடைந்து நொய்யாகிறது. நெறியாளரிடம் போய் இதைச் சொன்னேன். நல்ல கேள்வி, ஒரு அத்தியாயமாகவே சேர்த்துக்கொள் என்றார். இப்போது ரகம் ரகமாக எடை போட்டு இயந்திரத்தில் ஓட்டி, முழு அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு என்று அளந்துவருகிறேன். மல்லியசாமை முடிந்தது. கட்டவெட்டிச் சாமை அடுத்த வாரம். அம்மா தொம்பையிலிருந்து எடுத்துக் காயவைத்திருக்கிறாள்.